எண்ணெய் ஏறும் வரை

சங்ககிரியில் லாரிப் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் சாலையோரத்தில், பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு கம்பியை இழுத்துப் பிடிப்பது. அப்பாவின் லாரிக்கு அன்று ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்டாப்பர் வயரின் கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் டீசல் போவது நின்று எஞ்சின் அணைந்துவிடும். அணைப்பதற்கான கம்பியைக் கிளப்புகிற நேரத்தில் மேஸ்திரி ஏன் இழுக்கச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

“கண்ணு, நல்லா இழுத்துப் புடி. நான் சொல்ற வரைக்கும் உட்றாத” என்றார் மேஸ்திரி.

செல்ஃப் அடித்தார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பத்து எண்ணுகிற நேரம் சுற்றவிட்டு நிறுத்தினார். செல்ஃப் மோட்டார் சூடாறட்டும் என்று கொஞ்சம் பொறுத்தார். மறுபடி பத்து. மூன்றாம் தடவை ஆயில் மீட்டரின் முள் தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி அசைந்து மேலே வந்தது. “இப்ப உடு” என்றார். கம்பியை விட்டேன். அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“எண்ணெய் மேல ஏறோணும் கண்ணு. ஏறாத தீ வெச்சா மெட்டல் அழுவும்.”

அவர் அன்று சொன்னது இவ்வளவுதான். இது நடந்தது 1980களின் நடுவில். அந்த அரை நிமிடத்துக்குள் என்ன இருந்தது என்பதைப் படித்தும் கேட்டும் நான் தெரிந்துகொள்ள இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ஆயில் மாற்றுவதென்றால் பழையதைக் கழித்துப் புதியதை ஊற்றுவது என்று நினைத்துக்கொள்கிறோம். ஊற்றிய எண்ணெய் எங்கே போய் நிற்கிறது? சம்ப்பில், எஞ்சினின் அடிவயிற்றில், குளம் மாதிரி கிடக்கிறது. அது தேவைப்படும் இடங்களோ மேலே இருக்கின்றன. பம்ப் அதை உறிஞ்சி பில்டருக்குள் தள்ள வேண்டும். புது பில்டர் வெறுமையாக இருக்கும். அதன் காகித மடிப்புகள் நனைந்து, உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியேறிய பிறகே எண்ணெய் அடுத்த இடத்துக்கு நகரும். பிறகு பிளாக்கில் குடைந்த நீண்ட துளை வழியாக மெயின் பேரிங்குகளுக்குப் போகும். அங்கிருந்து கிராங்க் ஷாஃப்ட்டுக்குள் சாய்வாகத் துளைத்த வழிகளில் நுழைந்து கனெக்டிங் ராடுகளின் அடிக்குப் போகும். கடைசியாக மேலே ராக்கருக்கும், டர்போ இருந்தால் அதற்கும் போய்ச் சேரும். மதகைத் திறந்ததுமே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது என்பது விவசாயிக்குத் தெரியும். எஞ்சினிலும் கடைமடை உண்டு. பில்டர் மாற்றிய நாளில் வாய்க்காலே காய்ந்து கிடக்கிறது. வழக்கமாக ஓரிரு நொடியில் அணைகிற ஆயில் விளக்கு அன்று ஐந்தாறு நொடி எரிவது அதனால்தான்.

மேஸ்திரி ‘மெட்டல்’ என்றாரே, அந்தச் சொல்லில் ஒரு வரலாறு இருக்கிறது. நம் பட்டறைகளில் பேரிங் என்றால் குண்டு பேரிங்தான். கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் பிறை வடிவ ஓடுகளுக்குப் பெயர் மெட்டல். வெள்ளை மெட்டல் என்பதன் சுருக்கம் அது. 1839இல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் ஒரு மிருதுவான கலவையைப் பேரிங்குக்குள் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பெரும்பகுதி வெள்ளீயம், கூடவே கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. இவ்வளவு எடையைத் தாங்கும் இடத்தில் எளிதில் தடம் விழுகிற உலோகத்தை எதற்காக வைக்க வேண்டும்? கிராங்க் தேயக் கூடாது, தேய்ந்தால் மெட்டல் தேயட்டும் என்பதற்காக. எண்ணெயில் துகள் வந்தால் அதைத் தனக்குள் புதைத்துக்கொண்டு ஷாஃப்ட்டில் கீறல் விழாமல் காப்பதற்காக. இன்றைய ஓடுகளில் அலுமினியம், செம்பு என்று கலவைகள் மாறிவிட்டன. பெயரும் குணமும் மாறவில்லை. விலை குறைந்தது தேய்ந்து விலை உயர்ந்ததைக் காக்கிறது.

கிராங்க் அப்படியும் தேயும். தேய்ந்தால் கிரைண்டிங் போட்டு அடுத்த சைஸ் மெட்டல் மாட்டுவார்கள். ஸ்டாண்டர்ட், பிறகு பத்து, இருபது, முப்பது, நாற்பது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு குறைந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் நாற்பதோடு கிராங்க்கின் ஆயுள் முடிந்தது. லாரிக்காரர் வீட்டில் வண்டியின் வயதை வருடத்தில் சொல்வதைவிட இந்தக் கணக்கில் சொல்வதுதான் வழக்கம். “கிராங்க் எந்த சைஸ்ல இருக்குதுங்க?” என்பது பழைய வண்டி வாங்க வருகிறவரின் முதல் கேள்வி.

ஷாஃப்ட்டுக்கும் மெட்டலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். எஞ்சின் நின்றிருக்கும்போது ஷாஃப்ட் தன் எடையால் கீழே அமர்ந்து மெட்டலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஓடும்போது தொடுவதில்லை. அதைத் தூக்கி நிறுத்துவது எது? பம்ப்பின் அழுத்தம் என்றே நெடுநாள் நம்பினேன். மீட்டர் காட்டும் மூன்று நான்கு கிலோ அழுத்தம்தான் அத்தனை பெரிய இரும்பைத் தூக்குகிறது என்று பட்டறைகளிலும் பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு பம்ப்பே தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில் 1883இல் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் முங்கியிருக்க, மேலே பேரிங் எடையோடு அழுத்திக்கொண்டிருந்தது. மேலிருந்து எண்ணெய் விடலாம் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுற்றவிட்டதும், எண்ணெய் விட வேண்டிய அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், அது வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பு அடித்தார், அதுவும் நிற்கவில்லை. கடைசியில் ஓர் அழுத்தமானியை மாட்டினார். பேரிங்கின் மேல் சராசரியாக இருந்த சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. 200 வரை காட்டக்கூடிய மானியின் முள் எல்லையைத் தாண்டிப் போனது.

பம்ப் இல்லை, மேலிருந்து ஊற்றவும் இல்லை. சுற்றுகிற அச்சு எண்ணெயைத் தன்மேல் ஒட்டவைத்து இழுத்துக்கொண்டு, அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்குள் திணிக்கிறது. அங்கே எண்ணெய் ஓர் ஆப்பு மாதிரி இறுகி அச்சையும் பேரிங்கையும் பிரிக்கிறது. மூன்று வருடம் கழித்து, 1886இல், மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இதற்கான கணக்கை எழுதினார். ஓடும் எஞ்சினில் இந்த ஆப்பு உண்டாக்கும் அழுத்தம் பம்ப்பின் அழுத்தத்தைப்போலப் பல மடங்கு. பம்ப் எண்ணெயைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறது. உள்ளே இழுத்துக்கொண்டு அதன்மேல் ஏறி மிதப்பது ஷாஃப்ட்டின் வேலை.

இதைப் படித்த இரவில் எனக்கு மேஸ்திரியின் அரை நிமிடம் புரிந்தது. எண்ணெய் இருந்து சுழற்சி இல்லையென்றால் ஷாஃப்ட் உட்கார்ந்திருக்கும், அதனால் கேடில்லை. சுழற்சி இருந்து எண்ணெய் வந்துசேரவில்லையென்றால் உலோகமும் உலோகமும் உரசும். அதிலும் தீப்பிடித்து ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன் வழியாகக் கிராங்க்கை மெட்டலின்மேல் அறைகிறது. டீசலை நிறுத்திவிட்டு செல்ஃபில் சுற்றினால் அந்த அறை இல்லை. பம்ப் மட்டும் மெல்ல வேலை செய்து வாய்க்காலை நிரப்பும். அவர் எண்ணெய்க்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக்கொடுத்தார், அவ்வளவுதான். கிணற்று மோட்டருக்கு முந்தைய காலத்து டீசல் பம்ப்செட்டில் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியால் நன்றாகச் சுழற்றி, வேகம் வந்த பிறகு லீவரைப் போடுவார்கள். வேகத்துக்காகச் செய்தது என்றாலும், அந்தச் சில சுற்றுகளில் எண்ணெயும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆயிலைக் கழித்ததும் எஞ்சின் மொட்டையாகிவிடுவதில்லை. உலோகத்தின்மேல் பழைய எண்ணெயின் மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். எண்ணெயில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று, உரசலும் சூடும் சேரும் இடங்களில் தானாக ஒரு காப்புப் படிவை உண்டாக்குகிறது. தலைமுடிப் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத படிவு அது. எண்ணெயைக் கழித்தாலும் அது போகாது. முதல் சில நொடிகளை எஞ்சின் தாண்டுவது இந்த மிச்சத்தின் தயவில்தான். மொத்தத் தேய்மானத்தில் இத்தனை சதவீதம் கிளப்பும்போதுதான் நடக்கிறது என்று விளம்பரங்கள் பெரிய எண்களைச் சொல்லி பயமுறுத்துகின்றன. அந்த எண்கள் நமக்கு வேண்டாம். மிச்சம் காப்பாற்றும், ஆனால் வெகுநேரம் காப்பாற்றாது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அந்த மிச்சத்தையும் கழுவி எறிகிற பழக்கம் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. எனக்கு நெஞ்சு பதறுகிற காரியம் அது. பழைய ஆயிலைக் கழித்துவிட்டு, ‘அழுக்கு போகட்டும்’ என்று டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி ஓடவிட்டு அலசுகிறார்கள். கறுப்பாக வெளியே வருவதைப் பார்த்து வண்டிக்காரருக்கும் திருப்தி. டீசல் வழுவழுப்பாகக் கைக்குத் தெரியலாம். கிராங்க்கைத் தூக்கிப் பிடிக்கும் கெட்டித்தன்மை அதற்கு இல்லை. அது சுற்றி வந்த இடமெல்லாம் படலத்தைக் கரைத்துவிடுகிறது. மூலை முடுக்குகளில் தங்கியது புது எண்ணெயோடு கலந்து அதையும் நீர்க்கச் செய்கிறது. எண்ணெய் கறுப்பது அது அழுக்கைத் தன்னில் ஏந்திக்கொண்டதன் அடையாளம். சூடாக இருக்கும்போது கழித்து, சொட்டு நிற்கும் வரை விட்டுவைத்தால் அந்த அழுக்கும் கூடவே போய்விடும். தயவுசெய்து அலச விடாதீர்கள்.

புத்தகங்களில் இந்த விஷயத்தைத் தேடினால் பெரும்பாலும் குளிர்ச்சிதான் பேசப்படுகிறது. 15டபிள்யூ-40 என்று டப்பாவில் போட்டிருக்கும் டபிள்யூ, பனிக்காலத்தைக் குறிக்கும் எழுத்து. பனி நாடுகளில் விடியற்காலை எண்ணெய் பாகுபோல இறுகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். அவர்களுடைய கவலை அது. சேலத்துக்கும் நாமக்கலுக்கும் அந்தக் கவலை இல்லை. நம்முடைய சிக்கல் வேறு. ஒன்று, ஆயில் மாற்றிய பிறகு காலியாக இருக்கும் பாதை. மற்றொன்று, ஏர்.

லாரியில் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் காற்று இறங்கியிருக்கும். எஞ்சின் சுற்றும் கம்ப்ரஸர் டேங்கில் காற்றை ஏற்றிய பிறகே வண்டியை நகர்த்த முடியும். லோடு ஏற்றி அனுப்புகிற புக்கிங் ஆபீஸ் அவசரப்படுத்தும். டிரைவர் செல்ஃப் அடித்த கையோடு ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொள்வார். விடியற்காலையில் லாரிப்பேட்டைப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு அந்த உறுமல் பழகிப்போயிருக்கும். அப்பா பிற்பாடு டர்போ வண்டி வாங்கினார். டர்போவின் உள்ளே இருக்கும் சிறு தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுவரை போகும். அதுவும் எண்ணெயில் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. எண்ணெய் கடைசியாகப் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆயில் மாற்றிய மறு நிமிடமே ஏர் ஏற்ற மிதித்தார் ஒரு டிரைவர். அப்பா ஓடிப்போய் ஜன்னல் வழியே சாவிப் பக்கம் கையை நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “ஏர் ரெண்டு நிமிசம் மெதுவா ஏறட்டுங்க, பரவால்ல” என்றார். அந்த டிரைவர் பிறகு பல வருடம் எங்களிடம் இருந்தார்.

தேய்மானம் அன்றே தன்னைக் காட்டிக்கொள்ளாது. இன்று மிதித்ததற்கு இன்றே சத்தம் வந்தால் எவரும் மிதிக்க மாட்டார்கள். பல மாதம் கழித்து விசில் சத்தமும் நீலப் புகையும் வரும்போது, அது எந்தக் காலையின் வினை என்று யாருக்கும் தெரியாது. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் இத்தனை தூரம் இருக்கிற வேலைகளில் மனிதனைச் சரியாக நடக்கவைப்பது பழக்கம் ஒன்றுதான். மேஸ்திரியிடம் அது இருந்தது.

பெரிய இயந்திரங்களில் இதைத் தனிமனிதரின் பொறுமைக்கு விடுவதில்லை. கப்பலில் எஞ்சினியராக இருக்கும் என் மாமா மகன் சொன்ன விவரம் இது. துறைமுகத்திலிருந்து கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே எண்ணெய் பம்ப்புகளை ஓடவிட்டுவிடுவார்கள். அவை தனி மின்மோட்டரில் ஓடுபவை. பிறகு டர்னிங் கியரைக் கோத்து, மூன்று நான்கு மாடி உயரமுள்ள எஞ்சினை மிக மெதுவாகச் சுற்றுவார்கள். சிலிண்டர்களின் சிறு வால்வுகளைத் திறந்து வைத்திருப்பார்கள். எல்லா இடத்திலும் எண்ணெய் பரவியது என்று தெரிந்த பிறகு கியரைக் கழற்றி, காற்றால் ஒரு தடவை ஊதிப் பார்த்து, அதன் பிறகுதான் எரிபொருள். அனல்மின் நிலையத்தின் பெரிய டர்பைனில் ஒரு படி மேலே போகிறார்கள். சுற்றத் தொடங்கும் முன்பே பேரிங்கின் அடியிலிருந்து மிகுந்த அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தி, அத்தனை டன் தண்டையும் ஒரு முடிப் பருமன் தூக்கிவிடுகிறார்கள். ஆப்பு உருவாகும் வரை ஷாஃப்ட்டைக் காத்திருக்கவைப்பதில்லை.

எண்ணெய் மட்டும் நேரத்தில் இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் சஸ்குவஹானா ஆற்றில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் 1912இல் ஆல்பர்ட் கிங்ஸ்பரி என்பவர் தாம் வடிவமைத்த பேரிங்கை மாட்டினார். நீர்ச்சக்கரம், ஜெனரேட்டர் எல்லாவற்றின் எடையையும் தாங்குவது அது. முதல் முயற்சி சூடேறிக் கெட்டது. பரப்பைச் செப்பனிட்டு மறுபடி மாட்டினார். அதன் உட்பூச்சும் பாபிட் வகை மெட்டல்தான். 75 ஆண்டுகள் கழித்து, 1987இல், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும் அது வேலை செய்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது அது தேயவே இல்லை. தொடக்கத்திலும் நிறுத்தத்திலும் மட்டும்தான் உலோகம் உலோகத்தைத் தொட்டது.

எங்கள் தாத்தா வண்டி வைத்திருந்தவர், மாட்டு வண்டி. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சுக்கு இடுவார். மை இட்டுச் சக்கரத்தை மாட்டியதும் உடனே மாட்டைப் பூட்ட மாட்டார். அச்சுக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைக் கையால் நாலைந்து சுற்று சுற்றிவிடுவார். ஏன் தாத்தா என்றால், “மை உள்ள போவட்டும்” என்பார். உலகப் புகழ் பெற்ற காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. 1909இல் அந்த எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருந்தார்கள். தாத்தாவின் மை டப்பாவுக்கும் அதற்கும் உள்ள உறவு எனக்கு மிகவும் பிடித்தமானது. அதைவிடப் பிடித்தது, தாத்தாவும் மேஸ்திரியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வேலையைச் செய்ததுதான்.

இப்போது வண்டிகளில் ஸ்டாப்பர் வயர் கிடையாது. பல பைக்குகளில் கிக்கரும் இல்லை. கிக்கர் இருந்தால், சாவியை அணைத்துவிட்டு ஆயில் மாற்றியதும் பத்துத் தடவை மிதிப்பது நல்லது. கார்களில் எஞ்சின் பிடிக்காமல் சுற்றட்டும் என்று அனுமானத்தில் எந்த ஃபியூஸையும் பிடுங்க வேண்டாம், கையேட்டில் வழி சொல்லியிருந்தால் அதன்படி செய்யலாம். பில்டர் நிமிர்ந்து நிற்கிற வண்டியானால், தயாரிப்பாளர் தடை சொல்லாதவரை, மாட்டுமுன் அதில் எண்ணெய் நிரப்பலாம். நடுத்துளையில் ஊற்றக் கூடாது. அது வடிகட்டி முடிந்த எண்ணெய் வெளியேறும் வழி, அங்கே விழும் தூசி நேராக மெட்டலுக்குப் போகும். சுற்றியுள்ள சிறு துளைகளில் ஊற்ற வேண்டும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு, ஆக்ஸிலேட்டரில் காலே வைக்காமல் கிளப்பி, விளக்கு அணைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பத்து நொடியில் அணையாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அணைந்தால் அரை நிமிடம், ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும். நிறுத்தி, ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்து, ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு கொஞ்சம் குறைந்திருக்கும். அது பில்டருக்குள் போனது. அதை ஊற்றி நிரப்பினால் வேலை முடிந்தது.

சர்வீஸ் செய்து முடித்த வண்டியை உதவிப் பையன் கிளப்பி, நன்றாக இருக்கிறது என்று காட்ட நான்கு தடவை முறுக்கிக் கேட்கவைப்பதை எல்லா ஊரிலும் பார்க்கிறேன். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. யாரும் அவன் கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, சொல்லும் வரை விடாதே என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வண்டியை எடுக்கப் போகும்போது, “தம்பி, முறுக்காதீங்க, நானே கிளப்பிக்கறேன்” என்று சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் அந்த முதல் லாரியை விற்பதற்கு முந்தைய வருடம் ரிங் மாற்ற எஞ்சினை இறக்கினார்கள். எப்படியும் இருபது சைஸாவது ஆகியிருக்கும் என்று எதிர்பார்த்துக் கிராங்க்கை கிரைண்டிங்குக்கு எடுத்துப் போனோம். லேத்துக்காரர் மெட்டல் உட்காரும் ஒவ்வொரு ஜர்னலிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். கிரைண்டிங் வேண்டாம் என்று சொல்லி, பாலிஷ் மட்டும் போட்டுக் கொடுத்தார். ஸ்டாண்டர்ட் சைஸ்.